மாடுலர் சிந்தசைசருக்கு நீங்களே க்ளாக் செய்யலாம்... ரெண்டு ஐ.சி போதும்!

யூடியூபில் பார்த்திருப்பீங்க. பெட்டி நிறைய குமிழ்கள், கலர் கலராகத் தொங்கும் ஒயர்கள், நடுவில் மினுக் மினுக்கென எரியும் எல்.இ.டி-க்கள். அதுதான் மாடுலர் சிந்தசைசர். இன்று பரவலாக இருப்பது யூரோராக் வகை. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் ஆரம்பித்தது. இதில் ஒரு மாட்யூல் ஒலி எழுப்பும், ஒன்று அதை வடிகட்டும், சீக்வென்சர் என்பது ஸ்வரங்களை வரிசையாக எடுத்துக்கொடுக்கும்.

இவற்றையெல்லாம் ஒரே லயத்தில் ஓட்டுவது க்ளாக். பரதநாட்டிய மேடையில் நட்டுவாங்கம் செய்பவர் மாதிரி. க்ளாக் நின்றால் சீக்வென்சர் ஒரே ஸ்வரத்தில் அப்படியே நின்றுவிடும். ஆனால் அது செய்யும் வேலை ரொம்ப சிம்பிள்: வோல்ட்டேஜ் 0-வில் இருந்து 5-க்கு ஏறும், திரும்ப இறங்கும். அதனால்தான் முதல் முறையாக சால்டரிங் அயர்ன் பிடிப்பவர்களுக்கு இது நல்ல ஆரம்பம். இறக்குமதி மாட்யூல் விலை தலைசுற்ற வைக்கும். இதற்கான பாகங்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

துடிப்பு எங்கிருந்து வருது?

1972-ல் சந்தைக்கு வந்த 555 டைமர் ஐ.சி-தான் இதயம். 1-வது பின் கிரவுண்ட், 8-வது பின் +12 வோல்ட். 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். 7-க்கும் 6-க்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் வரிசையாக. 2, 6 இரண்டையும் இணைத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 4-வது பின்னை +12-ல் சேர்த்துவிடுங்க. 3-வது பின்னில் துடிப்பு ரெடி.

கெப்பாசிட்டர் நிரம்பி, காலியாகி, மறுபடி நிரம்புகிற நேரம்தான் உங்க டெம்போ. இந்த அளவுகளுக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 39-லிருந்து 410 துடிப்பு வரை வரும். ஒரு சின்ன எரிச்சல்: குமிழைத் திருப்பும்போது வேகமெல்லாம் ஒரு ஓரத்தில் குவிந்துகிடக்கும். பழகிக்கலாம்.

அடுத்தது 4040 ஐ.சி. 16-க்கு +12, 8-க்கும் 11-க்கும் கிரவுண்ட், 10-ல் 555-ன் துடிப்பு. 9-வது பின்னில் பாதி வேகம், 7-ல் கால், 6-ல் அரைக்கால். கர்னாடக சங்கீதத்தில் மூன்றாம் காலத்தில் இருந்து இரண்டு, ஒன்று என்று இறங்குவது போலத்தான். 400 துடிப்பு வைத்தால் 200, 100, 50 கையில் கிடைக்கும். ஹை-ஹேட் ஒன்றில், கிக் டிரம் இன்னொன்றில் என்று பிரித்துவிடலாம்.

எரிந்துபோகாமல் இருக்க...

இந்த இடத்தில் அவசரப்படாதீங்க. யூரோராக் பவர் கேபிளில் சிவப்புக் கோடு இருக்கும் பக்கம் மைனஸ் 12 வோல்ட். சிவப்பு என்றால் பிளஸ் என்று பழகிய நமக்கு இது பெரிய பொறி. தலைகீழாகச் செருகினால் இரண்டு ஐ.சி-யும் காலி. +12 நுழையும் இடத்தில் 1என்5817 டயோடு ஒன்றை வரிசையாகப் போட்டால் தப்பிக்கலாம்.

வெளியே போகும் துடிப்பு 10 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சில டிஜிட்டல் மாட்யூல்கள் இதைத் தாங்காது. ஒவ்வொரு அவுட்புட்டிலும் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வரிசையாகக் கிரவுண்ட் வரை இழுத்து, நடுவில் இருந்து 3.5 மில்லிமீட்டர் ஜாக்குக்கு எடுங்க. பாதியாகிவிடும். ஒவ்வொரு ஐ.சி-யின் பவர் பின் அருகிலும் 104 கெப்பாசிட்டர் ஒன்று அவசியம். இல்லாவிட்டால் 555-ன் டிக் டிக் ஸ்பீக்கரிலேயே கேட்கும்.

ஒன்று சொல்லியாகணும். சூடேறினால் இந்த க்ளாக் கொஞ்சம் நகரும். தனியா வாசிக்க அது அழகுதான். லேப்டாப்போடு சேர்ந்து வாசிக்கணும்னா சரிவராது. அதற்கு ஆர்டுயினோ நானோ பக்கம் போங்க.

முதலில் பிரெட்போர்டில் போட்டு, 3-வது பின்னில் 1 கிலோ ஓமோடு எல்.இ.டி மாட்டிப் பாருங்க. மினுக்கினால், எல்.இ.டி-யைக் கழற்றிவிட்டு ஜாக்கில் மல்டிமீட்டர் வைத்து, குமிழை மெதுவான பக்கம் திருப்பி, உச்சத்தில் 5-6 வோல்ட்தானா என்று பாருங்க. அதுக்கப்புறம்தான் சால்டரிங், 128.5 மில்லிமீட்டர் உயர அலுமினியத் தகடு எல்லாம்.