வேளாண் எச்சங்களின் வேதி முன்பதப்படுத்தல்

வைக்கோல், கரும்புச் சக்கை, சோளத்தட்டை, பருத்திமார் போன்ற அறுவடை எச்சங்களிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு முன், அவற்றின் இறுகிய நாரை அமிலம், காரம் முதலியவற்றால் தளர்த்தும் பணியே வேதி முன்பதப்படுத்தல். எச்சத்தின் உலர் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லுலோஸ். அது குளுக்கோஸால் ஆன சங்கிலிதான் என்றாலும், ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் அதைச் சுற்றி இறுகியிருக்கின்றன. பதப்படுத்தாத வைக்கோலை அப்படியே கொடுத்தால் நொதிகளால் சிறு பகுதியைத்தான் சர்க்கரையாக்க முடியும்.

அமில முறையே பழையது. 1819இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராகொனோ கந்தக அமிலத்தைக் கொண்டு லினன் கந்தலிலிருந்து சர்க்கரை எடுத்துக் காட்டினார். இன்று ஓரிரு சதவீத அமிலத்தில் ஊறிய வைக்கோலை 140 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் வைக்கிறார்கள். ஹெமிசெல்லுலோஸ் கரைந்து சைலோஸாகிறது. வெப்பமோ நேரமோ மிஞ்சினால் அந்தச் சைலோஸே ஃபர்ஃபுராலாகச் சிதைந்து, பின்னால் வரும் ஈஸ்ட்டின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. சாதாரண ஈஸ்ட்டுக்குச் சைலோஸை நொதிக்கவும் தெரியாது. அதற்கென மாற்றியமைத்த வகைகள் தேவை. அமிலத்தைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கும்போது ஜிப்சம் குவிகிறது. பாத்திரங்களின் அரிப்பும் தனிச் செலவு.

எரிசோடா, சுண்ணாம்பு, அம்மோனியா ஆகிய காரங்கள் லிக்னினைப் பிரிக்கின்றன. கரூர் மாவட்டம் புகளூரில் 1984 முதல் கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையின் கூழாக்கத்துக்கும் அடிப்படை இதே வேதியியல்தான். காகித ஆலைகள் கறுப்புக் கழிவுநீரை எரித்துக் காரத்தை மீட்டெடுக்கின்றன; அந்த மீட்பு இல்லாமல் கார முறை கட்டுபடியாகாது. நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி. அது காரத்தில் கரைந்து ஆவியாக்கிக் குழாய்களில் படிவதால் மீட்பு கடினமாகிறது. முறையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வினைவேகத்தை அல்ல, வேதிப்பொருள் திரும்பக் கிடைக்குமா என்பதையே.

முன்பதப்படுத்தலின் தரத்தை நொதிச் செலவில் அறியலாம். நார் நன்றாகத் திறந்திருந்தால் குறைந்த நொதியே போதும். எஞ்சும் லிக்னின் கொதிகலனுக்கு எரிபொருளாகிறது.

இந்தியாவில் இது ஆலை அளவை எட்டியுள்ளது. உத்தராகண்டின் காசிப்பூரில் 2016இல் செயல்விளக்க ஆலை தொடங்கியது. அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் இலக்கு, அதாவது டன்னுக்கு 150 லிட்டர். அங்கே எரிக்கப்படும் வைக்கோலுக்கு இது நல்ல வழி. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியை அடுத்த ஆனேக்கல் வட்டாரத்தில் நிலைமை வேறு. அங்கு மானாவாரியில் விளையும் கேழ்வரகின் தாள் கறவை மாடுகளுக்குத் தீவனம். அதைக் கழிவுக் கணக்கில் சேர்ப்பது சரியல்ல.