எறாவும் கரப்பானும் ஒரு கேள்வித்தாளும்

போன ஜூன்ல தங்கச்சி பையனை ஒண்ணாம் வகுப்புல சேர்த்தப்ப ஒரு படிவம் குடுத்தாங்க. அதுல ஒரு வரி: "உணவு ஒவ்வாமை உண்டா?" அவ யோசிக்காம "இல்லை"ன்னு எழுதிட்டா.

"ஏம்மா, எறா தொக்கு சாப்பிட்டா அவனுக்கு உதடு வீங்குதுன்னு நீதானே சொன்ன?"

"அது கரப்பான்ணா. ஒவ்வாமை எல்லாம் இல்ல."

எங்க மாமல்லபுரம் பக்கம் கரப்பான் பண்டம்னு ஒரு பெரிய பட்டியலே உண்டு. கருவாடு, எறா, கத்திரிக்கா... அரிப்பு வந்தா இதுல ஒண்ணு மேல பழி. அந்த "இல்லை" என்னை ரெண்டு நாள் தூங்க விடல. தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

'அலர்ஜி'ங்கற வார்த்தையே 1906ல பிறந்தது. வியன்னாவுல கிளெமென்ஸ் ஃபான் பிர்கேன்னு ஒரு குழந்தை மருத்துவர் வெச்ச பேர். அதுக்கப்புறமும் பல வருஷம், சாப்பாட்டு விஷயத்துல வீட்டுல சொல்றதுதான் பெரிய சாட்சி. 1976ல அமெரிக்க மருத்துவர் சார்லஸ் மே ஒரு வழி காட்டினார். சந்தேகப்படற உணவை மறைச்சுக் குடுக்கணும். குடுக்கறவருக்கும் தெரியக்கூடாது, சாப்பிடற குழந்தைக்கும் தெரியக்கூடாது. அப்பதான் உண்மை வெளிய வரும்.

1987ல ஆலன் பாக்னு இன்னொரு மருத்துவர், 480 குழந்தைகளைப் பிறந்ததுலேர்ந்து மூணு வயசு வரை கவனிச்சு எழுதினார். சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லப்பட்ட குழந்தைகள் 28 சதவீதம். சோதிச்சுப் பார்த்து உறுதியானது 8 சதவீதம்தான்.

அம்மாக்கள் பொய் சொல்லல. வாந்தியும் தடிப்பும் நிஜம், காரணம்தான் வேற. கேள்வித்தாள் நம்ம ஊரு வலை மாதிரி. மீனும் வரும், பாசியும் வரும். கரையில கொட்டிப் பிரிச்சாத்தான் தெரியும்.

ஆனா வலையில மாட்டாமலே போறது? அதுக்குக் காரணம் பல சமயம் வார்த்தை. 1990கள்ல 'ஐசாக்'னு ஒரு உலக ஆய்வு, ஆஸ்துமா பத்தி பள்ளிப் பிள்ளைங்க கிட்ட கேள்வித்தாள் குடுத்துச்சு. நம்ம சென்னை, நெய்வேலி கூட அதுல உண்டு. மூச்சு இழுப்புக்கு ஒவ்வொரு மொழியிலயும் ஒவ்வொரு சொல். அதனால பெரிய பசங்களுக்கு வீடியோ போட்டுக் காட்டி "உனக்கு இப்படி ஆயிருக்கா?"ன்னும் கேட்டாங்க.

உணவு ஒவ்வாமைக்குன்னே பெங்களூர், மைசூர்ல ஒரு ஆய்வு நடந்துச்சு. பேரு யூரோப்ரிவால்-இன்கோ. முதல்ல எல்லாருக்கும் சின்னக் கேள்வித்தாள், அடுத்து சிலருக்கு விரிவான கேள்விகளும் சோதனையும். குழந்தைகள் பத்தின முடிவு 2020ல வந்துச்சு. அநேகமா ஒவ்வாமைன்னு சொல்லக்கூடியது இங்க 0.14 சதவீதம், ஹாங்காங்ல 1.5.

கம்மிதான். ஆனா அந்தக் கம்மியில நம்ம வீட்டுப் பிள்ளை இருந்தா?

எறாவை "நல்லா வேக வெச்சா ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்வாங்க இல்லையா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல சுப்பா ராவ் குழு நம்ம கடல்ல கிடைக்கற வெள்ளை எறாவையே எடுத்து ஆராய்ஞ்சாங்க. ஒவ்வாமை உண்டாக்கற புரதம் வேக வெச்சாலும் போகாதுன்னு 1989லயே சொல்லிட்டாங்க. 1993ல அது டிரோபோமயோசின்னு அடையாளமும் கண்டாங்க.

தங்கச்சி "இல்லை"யை அடிச்சுட்டு இப்படி எழுதினா: "எறா சாப்பிட்ட பத்து நிமிஷத்துல உதடு வீங்குது. ரெண்டு தடவை ஆச்சு." செங்கல்பட்டுல டாக்டரும் அதையேதான் துருவித் துருவிக் கேட்டார். அப்புறம் தோல்ல ஊசி முனையால கீறிப் பார்க்கற சோதனை. எறாவும் நண்டும் இனிமே கிடையாது. முட்டையும், பாவம், அந்தக் கத்திரிக்காயும் தாராளமா சாப்பிடலாம் :-)

"ஒவ்வாமை உண்டா?"ன்னு கேட்டா பதில் வராது. என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரத்துல, என்ன ஆச்சு, மறுபடியும் ஆச்சா? இந்த நாலையும் கேளுங்க, படிவத்துல இடம் இல்லைன்னா ஓரத்துல எழுதுங்க.

உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர்? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. சாப்பிட்டதும் மூச்சுத் திணறினா பதிவு படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.