ஆஸ்பத்திரி கட்டக் காசு எங்கிருந்து வந்தது?

அம்பத்தூர்க்காரர்களுக்கு ஸ்டெட்ஃபோர்ட் ஆஸ்பத்திரி தெரியும். ஆனா அந்த ஸ்டெட்ஃபோர்ட் யாருன்னு கேட்டா பலரும் முழிப்பாங்க. சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர். அந்தக் கம்பெனியும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949ல் தொடங்கியதுதான் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ். 1966ல் ஆஸ்பத்திரி வந்தது. நடத்துவது அந்தக் குழுமத்தின் ஏஎம்எம் அறக்கட்டளை.

இது கம்பெனி இருந்த ஊர். கம்பெனி இல்லாத ஊரில் யாரிடம் போய்க் கேட்பது?

பழைய உதாரணம் வேலூர். ஐடா ஸ்கடர் 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்துத்தான் அவர் டாக்டருக்குப் படிக்கப் போனார் என்ற கதை பலருக்கும் தெரியும். அதற்கு அடுத்த கட்டம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1899ல் கார்னெலில் படிப்பு முடிந்தது. கப்பல் ஏறும் முன் மிஷன் அவருக்குக் கொடுத்த வேலை, வேலூரில் பெண்கள் ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டுவது. நியூயார்க்கில் ஷெல் என்ற வயதான வங்கியாளர், இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலரை ஒரே ஆளாகக் கொடுத்துவிட்டார். 1902ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. அதுவரை பங்களாவில் ஒரே ஒரு படுக்கைதான்.

1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் சேர்ந்தபோது ஒரு ஷெல் போதவில்லை. லூசி பீபாடி என்ற அம்மையார் அமெரிக்கப் பெண்களைத் திரட்டினார். நீங்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம் என்றது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒன்று. ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்கான வசூல் அது. வேலூர் அதில் ஒன்று, நம்ம சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி இன்னொன்று. தேவாலயப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தே இலக்கைத் தொட்டார்கள்.

ஆனால் கட்டடம் எழும்பினால் மட்டும் கிராமத்து நோயாளி வந்துவிடுவாரா? வண்டி கட்டி வர வசதி வேண்டாமா? அதனால்தான் ஐடா குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நின்று வைத்தியம் பார்த்தார். 1909ல் அதற்கு ஒரு பியூஜோ காரும் வந்தது.

இதே பாடத்தைத் தலைகீழாகச் செய்தது தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கி. 1993ல் டாக்டர்கள் ரெஜியும் லலிதாவும் அந்த மலைவாசி ஊருக்குப் போனபோது கையில் பெரிய நிதி இல்லை. ஊர் மக்கள் துணையோடு எழுந்த ஒரு கூரைக் குடிசைதான் ஆஸ்பத்திரி. நண்பர்கள் கொடுத்த உதவியில் ஓடியது. ஊர்ப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். பெரிய கட்டடம் பிறகுதான் வந்தது. ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 150 ஆக இருந்த சிசு மரணம், வருஷங்கள் போகப்போக இருபது சொச்சத்துக்கு இறங்கியது.

கட்டடத்துக்கு நன்கொடை கேட்டால் கல்வெட்டில் பெயர் போடலாம். நர்ஸ் சம்பளத்துக்கும் மாத்திரைக்கும் கல்வெட்டு கிடையாது. எந்த ஊரிலும் வசூல் நோட்டோடு கிளம்புகிறவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டியது அந்த இரண்டாவது செலவை.