பெர்பெத்துவாவின் டைரி: சிறைக்குள் ஒரு பெண் எதைச் சந்தோஷம் என்றாள்?

(ஒலி வடிவத்தில் வெளிவந்த எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி என் அப்பா பதினோரு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். வெளியே வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிதான் எனக்கு வீடு. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, சபையில் இருந்து ஒரு அண்ணன் பார்க்க வந்தார். நல்ல மனுஷர். ஆப்பிள் வாங்கிட்டு வந்திருந்தார். ஜெபம் பண்ணி முடிச்சிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “ஏம்மா முகம் இப்படி வாடியிருக்கு? விசுவாசிக்கு எப்பவும் சந்தோஷம் இருக்கணும்மா.” நான் தலையாட்டினேன். அவர் லிஃப்ட்டில் ஏறினதும் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அப்பாவுக்காக அழுதேனா, என்கிட்ட அந்தச் சந்தோஷம் இல்லையேன்னு அழுதேனா, எனக்கே தெரியல.

அப்பா பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டார். அந்தக் கேள்வி மட்டும் வீட்டுக்குப் போகவே இல்லை. கஷ்டத்துக்கு நடுவிலும் சந்தோஷம் என்று கிறிஸ்தவம் சொல்கிறதே, அது என்ன? அழாமல் இருப்பதா? சிரித்த முகமா?

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதம் உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். விலங்கு மாட்டிய நிலையில் எழுதிய கடிதம், ஆனால் அதில் சந்தோஷம் என்கிற வார்த்தை திரும்பத் திரும்ப வரும். ஆனா அந்தச் சிறைக்குள் ஒரு சாதாரண நாள் எப்படிப் போச்சுன்னு பவுல் நமக்குச் சொல்றதில்லை. அதைச் சொன்ன ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு வயது சுமார் 22. கையில் பால்குடிக் குழந்தை.

கார்தேஜ், 203

இன்றைய துனீசியாவின் தலைநகர் துனிஸ். அதன் புறநகரில் கடலை ஒட்டி இருக்கிறது கார்தேஜ். கி.பி. 203-ல் அது ரோமப் பேரரசின் பெரிய நகரங்களில் ஒன்று. பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ். அவரும் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர்தான்.

அந்த வருடம் அங்கே ஒரு சிறு கூட்டத்தைக் கைது செய்தார்கள். எல்லாரும் இளைஞர்கள். கிறிஸ்தவப் போதனை கேட்டுக்கொண்டு, ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தவர்கள். ரெவோகாத்துஸ், பெலிசித்தா என்ற இரண்டு அடிமைகள். சாத்துர்னினுஸ், செக்குந்துலுஸ் என்ற இரண்டு பேர். இவர்களோடு விபியா பெர்பெத்துவா. நல்ல குடும்பத்துப் பெண், படித்தவள், திருமணமானவள். இவர்களுக்குப் போதித்த சாத்துருஸ் என்பவர் கைதின்போது அங்கே இல்லை. பிறகு தானாகவே வந்து சரணடைந்தார்.

ஒரு விஷயம் விசித்திரம். பெர்பெத்துவாவின் அப்பா, அம்மா, சகோதரர்கள், குழந்தை எல்லாரும் இந்தக் கதையில் வருகிறார்கள். கணவர் மட்டும் ஒரு வரியில் கூட வருவதில்லை. ஏன் என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

நமக்கு இவ்வளவும் தெரிவதற்குக் காரணம், சிறையில் இருந்தபோது பெர்பெத்துவா எழுதி வைத்த குறிப்புகள். லத்தீனில் இருக்கும் அந்தச் சின்ன நூலில் மூன்று பேருடைய கை இருக்கிறது. நடுவில் இருப்பது பெர்பெத்துவா எழுதியது. அதை அடுத்து சாத்துருஸ் தன் தரிசனத்தை எழுதுகிறார். முன்னும் பின்னும், பெயர் தெரியாத ஒரு தொகுப்பாளர். பெர்பெத்துவாவின் பகுதி அவளே எழுதியது என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள், சிலர் சந்தேகப்படுகிறார்கள். அவளுடையது என்றால், ஒரு கிறிஸ்தவப் பெண் எழுதி நம் கைக்கு வந்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

இந்த மூன்று கைகளை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க. கடைசியில் இதுக்குத் திரும்பி வருவோம்.

இருட்டும் குழந்தையும்

சிறைக்குள் போன முதல் நாளைப் பற்றி அவள் என்ன எழுதியிருப்பாள் என்று நினைக்கிறீங்க? “தேவனுக்கு ஸ்தோத்திரம், நான் பயப்படவில்லை” என்றா?

இல்லை. பயந்துபோனேன் என்று எழுதுகிறாள். அப்படி ஒரு இருட்டை அதுவரை பார்த்ததே இல்லையாம். கூட்டம், புழுக்கம், காசு பிடுங்கும் படைவீரர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தையைப் பற்றிய கவலை.

அப்போது தெர்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு டீக்கன்கள் வருகிறார்கள். சபையில் ஊழியம் செய்தவர்கள். அவர்கள் செய்த காரியம் என்ன தெரியுமா? லஞ்சம் கொடுத்தார்கள். கைதிகளைச் சில மணி நேரம் சிறையின் நல்ல பகுதிக்கு மாற்றுவதற்காக. அங்கே போனதும் அவள் செய்த முதல் வேலை, பசியில் துவண்டு கிடந்த குழந்தைக்குப் பால் கொடுத்தது.

பிறகு குழந்தையை அம்மாவிடமும் சகோதரனிடமும் ஒப்படைக்கிறாள். தன்னால் வீட்டார் வாடுவதைப் பார்த்துப் பல நாள் வேதனைப்பட்டதாக எழுதுகிறாள். அதுக்கப்புறம் குழந்தை தன்னோடு சிறையிலேயே இருக்க அனுமதி கிடைக்கிறது. உடனே உடம்பு தேறிவிட்டது, சிறையே தனக்கு அரண்மனை மாதிரி ஆகிவிட்டது, வேறெங்கும் இருக்கப் பிடிக்கவில்லை என்கிறாள்.

இந்த அரண்மனை உவமையைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீங்க. விசுவாசம் இருந்தால் சிறையும் அரண்மனை என்று அழகாகச் சொல்வார்கள். ஆனா அவள் எழுதின இடத்தில் வைத்துப் படித்தால், அரண்மனை ஆனதற்குக் காரணம் தரிசனமோ ஜெபமோ இல்லை. மடியில் குழந்தை. அந்த மடிவரை குழந்தை வந்து சேர, வெளியே யாரோ காசு திரட்டி, வாசலில் நின்று, காவலரோடு பேசியிருக்கிறார்கள்.

அப்பா

அவளுடைய அப்பா கிறிஸ்தவர் இல்லை. மகளை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று நான்கு முறை வருகிறார். எனக்கு இந்த நூலில் படிக்கக் கஷ்டமான பகுதி இதுதான்.

முதல் தடவை வரும்போது, அவள் பக்கத்தில் இருந்த ஒரு குடத்தைக் காட்டிக் கேட்கிறாள்: இதைக் குடம் என்று இல்லாமல் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா அப்பா? முடியாது என்கிறார். அப்படித்தான் நானும், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறொன்றாக என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது என்கிறாள். அவர் கோபத்தில் அவள் மேல் பாய்கிறார். அதன்பின் சில நாள் அவர் வராமல் இருந்ததற்காக நன்றி சொன்னேன், ஆறுதலாக இருந்தது என்று எழுதுகிறாள். புனிதராக வணங்கப்படும் ஒருத்தி எழுதின வரி இது. வீட்டில் கத்தல் இல்லாத நாலு நாள் கிடைத்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவளுக்கும் இருந்திருக்கிறது.

இரண்டாம் தடவை அவர் நரைத்த தலையைக் காட்டிக் கெஞ்சுகிறார். கையில் முத்தமிடுகிறார், காலில் விழுகிறார். மகளே என்று கூப்பிடாமல், அம்மணி என்று மரியாதையோடு கூப்பிடுகிறார். குடும்பத்திலேயே என் பாடுகளில் சந்தோஷப்பட முடியாதவர் இவர் ஒருவர்தான் என்று நினைத்து வருந்தினேன் என்கிறாள்.

மூன்றாம் தடவை விசாரணை மேடையில். கவர்னர் இறந்துவிட்டதால் அவர் இடத்தில் ஹிலாரியானுஸ் என்ற அதிகாரி அமர்ந்திருக்கிறார். பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்து, போதும் என்கிறார். அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார், குழந்தைக்காவது இரங்கு என்று. அவள் மறுக்கிறாள். அப்பா விடாமல் கெஞ்ச, அவரைப் பிரம்பால் அடிக்க ஹிலாரியானுஸ் உத்தரவிடுகிறார். அந்த அடி என்மேலேயே விழுந்ததுபோல் இருந்தது, அவருடைய முதுமையை நினைத்து நொந்துபோனேன் என்று எழுதுகிறாள்.

அடுத்து தீர்ப்பு: காட்டு மிருகங்களுக்கு இரை. அதற்கு அடுத்து அவள் எழுதுவது, நாங்கள் மகிழ்ச்சியோடு சிறைக்கு இறங்கிப் போனோம் என்று.

சொல்லப்போனா, முதலில் படிச்சப்ப எனக்கு இங்கே கோபம்தான் வந்தது. குழந்தையை விட்டுட்டுப் போறதில் என்ன மகிழ்ச்சி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாமே? இன்னைக்கும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை. அவள் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தவர்களில் அந்த அப்பாவும் அந்தக் குழந்தையும் உண்டு. அதை மறைக்காமல் எழுதி வைத்தவளும் அவள்தான். தான் துக்கப்பட்டேன் என்கிற சொல்லும், மகிழ்ந்தேன் என்கிற சொல்லும் அவள் டைரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று வந்ததும் இன்னொன்றை அவள் அழிக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்புகிறாள். அப்பா தர மறுக்கிறார். ஆனால் குழந்தை அதன்பின் பாலுக்கு அழவில்லையாம். இவளுக்கும் பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கவில்லையாம். அதைத் தேவனுடைய சித்தம் என்று எழுதுகிறாள். பால் கட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருத்திதான் இந்த நன்றியை எழுத முடியும்.

பெலிசித்தா

அடிமைப் பெண்ணான பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்று சட்டம். அதனால் தோழர்களைப் பிரிந்து, பிறகு வேறு குற்றவாளிகளோடு சாக வேண்டி வருமோ என்று கவலைப்படுகிறாள். விளையாட்டு நாளுக்கு மூன்று நாள் முன்னால் எல்லாரும் அவளுக்காக ஜெபிக்கிறார்கள். வலி எடுக்கிறது.

எட்டாம் மாதப் பிரசவம். வலியில் அவள் கதறுகிறாள். ஒரு காவலன் கேலி செய்கிறான்: இதுக்கே இப்படிக் கத்துறியே, மிருகங்கள் முன்னால் என்ன செய்வாய்? அவள் சொன்ன பதிலின் சாரம் இது: இப்போது படுவதை நான் படுகிறேன். அன்றைக்கு எனக்குள் இன்னொருவர் இருந்து எனக்காகப் பாடுபடுவார்.

நான் வலியே படவில்லை என்று அவள் சொல்லவில்லை பாருங்க. கத்திக்கொண்டே சொன்ன பதில் இது. பிறந்தது பெண் குழந்தை. சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி அதை எடுத்துத் தன் மகளாகவே வளர்த்தாள்.

மூன்று கைகள்

இப்போ அந்த மூன்று கைகளுக்கு வருவோம். விளையாட்டுக்கு முந்தின நாளோடு பெர்பெத்துவா எழுதுவதை நிறுத்திக்கொள்கிறாள். அரங்கில் நடக்கப்போவதை யார் விரும்புகிறார்களோ அவர்கள் எழுதட்டும் என்று விட்டுவிடுகிறாள். பெலிசித்தாவின் பிரசவமும் அரங்கத்தின் காட்சிகளும் தொகுப்பாளர் எழுதியவை.

அவருடைய எழுத்தில் வெளிச்சம் அதிகம். கைதிகள் விண்ணகத்துக்குப் போவதுபோல் அரங்கத்துக்கு நடக்கிறார்கள். நடுக்கம் இருந்தால் அது பயத்தால் இல்லை, மகிழ்ச்சியால். காட்டுப் பசு பெர்பெத்துவாவை முட்டித் தூக்கி எறிகிறது. அவள் எழுந்து கலைந்த கூந்தலை முடிந்துகொள்கிறாள், விரித்த தலை துக்கத்தின் அடையாளம் என்பதால். கீழே கிடந்த பெலிசித்தாவுக்குக் கை கொடுத்துத் தூக்கி விடுகிறாள். கடைசியில், அனுபவமில்லாத கிளாடியேட்டரின் நடுங்கும் கையைத் தானே பிடித்துத் தன் கழுத்துக்கு வழிகாட்டுகிறாள்.

இதையும் நான் தள்ளிவிடவில்லை. இது ஒரு சபை தன் இறந்தவர்களைப் பற்றி எழுதின எழுத்து. அதில் பெருமையும் கண்ணீரும் கலந்திருக்கும். ஆனால் சபையின் நினைவில் பெரிதாக நின்றது இந்தப் படம்தான். அரங்கத்தில் நடுங்காத பெண். ஆப்பிள் வாங்கி வந்த அந்த அண்ணனும் இந்தப் படத்தைத்தான் மனசில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அவளே எழுதின பக்கங்களில் இருப்பவள் இருட்டைப் பார்த்துப் பயந்தவள். கனவில் அவள் ஒரு வெண்கல ஏணி ஏறுகிறாள். அடியில் ஒரு பெரிய பாம்பு, இரண்டு பக்கமும் வாளும் ஈட்டியும். மேலே போனால் ஒரு தோட்டம். நரைத்த தலையோடு ஒரு மேய்ப்பர் ஆட்டுப்பால் கறந்துகொண்டிருக்கிறார். அவளுக்கு ஒரு வாய் பால்கட்டி கொடுக்கிறார். விழித்தபோது வாயில் ஏதோ ஒரு இனிப்பு இன்னும் இருந்தது என்கிறாள். பால் கொடுக்கும் தாய்க்கு வந்த சொர்க்கத்தில் அவளுக்கே யாரோ ஊட்டி விடுகிறார்கள்.

மார்ச் 7 இவர்கள் நினைவு நாள். கத்தோலிக்கத் திருப்பலியில் முதலாம் நற்கருணை மன்றாட்டை முழுவதுமாகச் சொல்லும்போது, இந்த இரண்டு பெயர்களும் வரும். எசமானியம்மா வீட்டுப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் ஒரே மூச்சில். நம்ம ஊர் கோயில்களில் தமிழிலும் அந்தப் பெயர்களைக் கேட்கலாம்.

அந்த ஐ.சி.யூ. வராந்தாவுக்கு வந்து முடிக்கிறேன். அந்தப் பதினோரு நாளில் சந்தோஷமே இல்லைன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். யோசிச்சுப் பார்த்தா, ஒன்பதாவது நாள் ராத்திரி பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா, அவங்க மருமகனுக்குக் கொண்டுவந்த இட்லியில் பாதியை என் கையில் வெச்சாங்க. “சாப்பிடு கண்ணு, அப்பா கேட்டா நீ தெம்பா நிக்கணும்ல.” சாப்பிட்டேன். அழுதுக்கிட்டேதான் சாப்பிட்டேன். ஆனா அந்த நிமிஷம் அந்த வராந்தா வேற இடமா இருந்தது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனீங்கன்னா, அவங்க முகம் எப்படி இருக்குன்னு பார்க்காதீங்க. சாப்பிட்டாங்களான்னு கேளுங்க. தெர்தியுஸும் பொம்போனியுஸும் செஞ்சது அதுதான்.