மோசமான அமெரிக்க அதிபர்கள்: தரவரிசையும் அளவுகோலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபர்களைத் தரம் பிரித்து வரிசைப்படுத்தும் வழக்கம் 1948 முதல் வரலாற்றாசிரியர்களிடையே இருந்து வருகிறது. வரிசையின் உச்சியில் ஆபிரகாம் லிங்கன், ஜார்ஜ் வாஷிங்டன், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆகிய மூவரும் ஏறத்தாழ அசையாமல் நிற்கின்றனர். அடித்தட்டில்தான் மாற்றங்கள் அதிகம். ஜேம்ஸ் புக்கானன், ஆண்ட்ரூ ஜான்சன், ஃபிராங்க்ளின் பியர்ஸ், வாரன் ஹார்டிங் ஆகியோர் அங்கே திரும்பத் திரும்ப இடம்பெறும் பெயர்கள். 2018 முதலான கணிப்புகளில் டொனால்ட் டிரம்பும் அவர்களோடு சேர்ந்துள்ளார். யார் கடைசி என்பதைவிட, எந்தக் குற்றத்திற்காக ஒருவர் கடைசியில் வைக்கப்படுகிறார் என்பதே இந்த வரிசைகளில் கவனிக்க வேண்டியது. ஒரு தலைமுறைக்கு லஞ்சம் பெரிய குற்றமாகத் தெரிந்தது. அடுத்த தலைமுறைக்குக் கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட துரோகம் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

கணிப்புகளின் தொடக்கம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஷ்லெசிஞ்சர் (மூத்தவர்) 1948-இல் 55 அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, முடிவை ‘லைஃப்’ இதழில் வெளியிட்டார். மாமனிதர் முதல் தோல்வியாளர் வரை ஐந்து படிகள். கடைசிப் படியில் இருவரே வைக்கப்பட்டனர்: யுலிசிஸ் கிராண்ட், வாரன் ஹார்டிங். 1962-இல் 75 பேரிடம் மீண்டும் கேட்டபோதும் அதே இருவர். அவர் மகன் இளைய ஷ்லெசிஞ்சர் 1996-இல் நடத்திய கணிப்பில் தோல்வியாளர் பட்டியல் ஏழாக நீண்டது. புக்கானன், ஆண்ட்ரூ ஜான்சன், பியர்ஸ், ஹூவர், நிக்சன் ஆகியோர் அதில் சேர்ந்தனர். சியனா கல்லூரி 1982 முதலும், சி-ஸ்பேன் தொலைக்காட்சி 2000 முதலும் தனித்தனியே இத்தகைய கணிப்புகளை நடத்தி வருகின்றன. சி-ஸ்பேன் பத்து அம்சங்களுக்குத் தனித்தனி மதிப்பெண் கேட்கிறது. நெருக்கடியைக் கையாண்ட விதம், பொருளாதார மேலாண்மை, நாடாளுமன்றத்துடனான உறவு ஆகியவற்றோடு அனைவருக்கும் சம நீதி வழங்க முயன்றாரா என்பதும் அவற்றுள் ஒன்று.

பதவியேற்று 31 நாளில் இறந்த வில்லியம் ஹென்றி ஹாரிசனும், 1881-இல் சில மாதங்களிலேயே சுடப்பட்டு இறந்த ஜேம்ஸ் கார்ஃபீல்டும் தொடக்கக் கணிப்புகளில் சேர்க்கப்படவில்லை. அது நியாயமான முடிவு. ஆள நேரமில்லாதவரை மோசமான ஆட்சியாளர் என்பதில் பொருளில்லை.

ஜேம்ஸ் புக்கானன் (1857–1861)

சி-ஸ்பேன் 2000, 2009, 2017, 2021 ஆகிய நான்கு முறையும் நடத்திய கணிப்பில் கடைசி இடம் புக்கானனுக்கே. கல்வியாளர்கள் இடதுசாரிச் சார்புடையவர்கள் என்ற குறையைப் போக்க, இரு தரப்பினரையும் சமமாகச் சேர்த்து வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2005-இல் வெளியிட்ட வரிசையிலும் அவரே கடைசி. இந்த ஒருமித்த தீர்ப்பைக் கட்சிச் சார்பு என்று தள்ளிவிட முடியாது.

அனுபவத்தில் அவருக்கு ஈடானவர்கள் சிலரே. பிரதிநிதிகள் சபை, செனட், ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் தூதர் பொறுப்பு, அதிபர் போக்கின் அமைச்சரவையில் வெளியுறவுச் செயலர் என நாற்பதாண்டை நெருங்கிய பொதுவாழ்வுக்குப் பிறகு அதிபரானவர். பென்சில்வேனியா என்னும் வட மாநிலத்தவராயினும், அவருடைய நெருங்கிய நண்பர்கள் தெற்கின் அடிமை உடைமையாளர்கள்.

பதவியேற்பதற்கு முன்பே முதல் தவறு நடந்தது. அடிமையாகப் பிறந்த டிரெட் ஸ்காட் தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. தெற்கத்திய நீதிபதிகளோடு சேர்ந்து தீர்ப்பளிக்குமாறு பென்சில்வேனியாவைச் சேர்ந்த நீதிபதி ராபர்ட் கிரியரைப் புக்கானன் கடிதம் வழியே தூண்டினார். பின்னர் 1857 மார்ச் 4 அன்று பதவியேற்பு உரையில், தீர்ப்பு எதுவாயினும் அதற்குக் கட்டுப்படுவேன் என்று நாட்டுக்கு உறுதி சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்றும், புதிய ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் தலைமை நீதிபதி ரோஜர் டானி எழுதினார்.

கான்சாஸில் குடியேறியவர்களில் பெரும்பான்மையோர் அடிமைமுறையை எதிர்த்தனர். ஆனாலும் அடிமை ஆதரவாளர்கள் லிகாம்ப்டனில் எழுதிய அரசமைப்பை ஏற்கும்படி புக்கானன் நாடாளுமன்றத்தை வற்புறுத்தினார். சொந்தக் கட்சியின் ஸ்டீபன் டக்ளசே எதிர்த்து நின்றார். ஜனநாயகக் கட்சி இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவு 1860-இல் லிங்கன் வெற்றிபெற வழிவகுத்தது.

கடைசி நான்கு மாதங்கள்தான் அவர் பெயரை நிரந்தரமாகக் கெடுத்தன. 1860 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில், மாநிலங்கள் பிரிந்துபோகச் சட்டப்படி உரிமையில்லை என்றார். பிரிந்துபோனால் தடுக்க மைய அரசுக்கும் அதிகாரமில்லை என்று அதே செய்தியில் சொன்னார். டிசம்பர் 20 அன்று தெற்கு கரோலினா விலகியது. லிங்கன் பொறுப்பேற்பதற்குள் ஏழு மாநிலங்கள் வெளியேறித் தனி அரசு அமைத்துவிட்டன. தெற்கு கரோலினாவில் மைய அரசின் வசமிருந்த சம்டர் கோட்டைக்கு ஆளும் பொருளும் ஏற்றிச் சென்ற கப்பல் 1861 ஜனவரியில் சுடப்பட்டுத் திரும்பிய பிறகும் அவர் மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. அடுத்து மூண்ட உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். புக்கானன் உறுதியாக நின்றிருந்தாலும் போர் வந்திருக்கலாம். ஆனால் ஓர் அரசு தன் கண்முன்னே கலைவதற்கு அதன் தலைவரே சட்ட விளக்கம் எழுதிக் கொடுத்தது மன்னிக்க முடியாதது.

அவருக்கு முந்தைய பியர்ஸ் (1853–1857) அதே பாதையைத் திறந்துவிட்டவர். 1854-இன் கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தில் கையெழுத்திட்டு, அடங்கியிருந்த அடிமைமுறைச் சண்டையைக் கான்சாஸ் மண்ணில் இரத்தக் களரியாக்கினார். 1856-இல் அவர் கட்சியே அவருக்கு மறுவாய்ப்பு தரவில்லை. பதவியேற்புக்குச் சில வாரங்களுக்கு முன் உயிருடனிருந்த தன் ஒரே மகனை ரயில் விபத்தில் கண்ணெதிரே பறிகொடுத்தவர் என்பதை நினைத்தால் அவர்மீது இரக்கம் பிறக்கிறது, தீர்ப்பு மாறுவதில்லை.

ஆண்ட்ரூ ஜான்சன் (1865–1869)

சி-ஸ்பேன் வரிசையில் ஜான்சன் கடைசிக்கு முந்தியவர். சியனா கல்லூரியின் 2018, 2022 கணிப்புகளில் கடைசி. இக்கட்டுரையாளரின் கருத்தில் சியனாவின் தீர்ப்பே சரி. புக்கானன் கைகட்டி நின்று கெடுத்தார். ஜான்சனோ, போரில் வென்றெடுத்த விடுதலையை ஒவ்வொரு படியிலும் தானே முனைந்து மறித்தார்.

டென்னசியின் ஏழைத் தையல்காரர் அவர். பிரிந்துபோன மாநிலங்களின் செனட்டர்களுள் ஒன்றியத்தின் பக்கம் நின்ற ஒரே மனிதர் என்பதற்காக லிங்கன் 1864-இல் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக ஏற்றார். லிங்கன் சுடப்பட்டதும், விடுதலை பெற்ற நாற்பது லட்சம் மக்களின் எதிர்காலம் அவர் கைக்கு வந்தது. 1865 மே மாதத்திலேயே கலகக்காரர்களுக்குப் பொது மன்னிப்பு அறிவித்தார். பெருநில உரிமையாளர்கள் நேரில் விண்ணப்பித்தபோது ஆயிரக்கணக்கில் மன்னிப்பு வழங்கினார். ஒன்றியப் படைத் தளபதி ஷெர்மன் தெற்கின் கடற்கரை நிலங்களை விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுத்திருந்தார். அங்கே சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிரிட்டுக்கொண்டிருந்தனர். ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார். நிலம் கையில் நின்றிருந்தால் அந்தக் குடும்பங்கள் பழைய எஜமானர்களிடம் வாரச் சாகுபடிக்கும் கடனுக்கும் மீண்டும் போய் நின்றிருக்க வேண்டாம். அவர் செய்தவற்றுள் இதையே ஆகக் கொடியதாகச் சொல்ல வேண்டும்.

அவர் கொடுத்த துணிச்சலில் தெற்கு மாநிலங்கள் ‘கறுப்பர் சட்டங்கள்’ இயற்றின. வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவரை நாடோடி என்று கைதுசெய்து, கட்டாய உழைப்புக்கு அனுப்ப அவை இடமளித்தன. 1866-இல் மெம்பிசிலும் நியூ ஆர்லியன்சிலும் கறுப்பின மக்கள் கும்பல்களால் கொல்லப்பட்டனர். நாடாளுமன்றம் அந்த ஆண்டு நிறைவேற்றிய குடிமை உரிமைச் சட்டத்தை ஜான்சன் வீட்டோ செய்தார், அது முறியடிக்கப்பட்டது. பிறப்பால் குடியுரிமை வழங்கிய பதினான்காம் திருத்தத்தையும் எதிர்த்தார். அவருடைய 15 வீட்டோக்கள் முறியடிக்கப்பட்டன. வேறெந்த அதிபருக்கும் அத்தனை நேர்ந்ததில்லை. 1868-இல் பதவிநீக்க விசாரணைக்கு உள்ளான முதல் அதிபரும் அவரே. செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றனர். 19 பேர் மறுத்தனர். ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் பதவி தப்பியது.

இத்தனைக்கும் 1948 கணிப்பில் ஜான்சன் ‘சராசரி’ அதிபர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் எழுதிய வரலாறே அன்று பாடநூல்களை ஆண்டது. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை தந்ததையே பிழையாகக் கண்ட அந்த வரலாற்றில், ஜான்சன் அரசமைப்பைக் காத்த தனி மனிதர். கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1935-லேயே ஒரு பெரும் நூலில் இதை மறுத்தார்; கல்வியுலகம் அவரைப் பல்லாண்டு பொருட்படுத்தவில்லை. குடிமை உரிமைப் போராட்டம் வென்ற பிறகு, போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் பற்றி எரிக் ஃபோனர் எழுதிய வரலாறு 1988-இல் வெளிவந்தபோது தீர்ப்பு முழுமையாகத் திரும்பியிருந்தது. சான்றுகள் முன்பே இருந்தன. யாருடைய துன்பத்தைக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் மாற்றம் வந்தது.

கிராண்டும் ஹார்டிங்கும்

அந்த மாற்றத்தால் பயனடைந்தவர் கிராண்ட் (1869–1877). அவர் ஆட்சியில் மதுவரியைத் திருடிய விஸ்கி கும்பல் சிக்கியது. போர்த்துறைச் செயலர் பெல்நாப் லஞ்சப் புகாரில் விலகினார். கிராண்டின் கை சுத்தம்; நண்பர்களை நம்பியது அவர் பலவீனம். ஆனால் கூ கிளக்ஸ் கிளான் என்னும் கொலைகாரக் குழுவை 1871 சட்டத்தின் துணையோடு படை அனுப்பி ஒடுக்கியவரும் அவரே. தெற்கு கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்கும் அளவுக்குப் போனார். சி-ஸ்பேன் வரிசையில் 2000-இல் 33-ஆம் இடத்தில் இருந்தவர் 2021-இல் 20-ஆம் இடத்துக்கு உயர்ந்தார்.

ஹார்டிங் (1921–1923) அவ்வளவு உயரவில்லை. வயோமிங்கின் டீபாட் டோம் எண்ணெய் வயலை லஞ்சம் வாங்கிக் குத்தகைக்கு விட்ட உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால், பதவிக்காலக் குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமைச்சர். எனினும் ஹார்டிங் 1921-இல் அலபாமாவின் பர்மிங்காமுக்கே சென்று கறுப்பினத்தவருக்கு அரசியல் சமத்துவம் வேண்டும் என்று பேசியவர்; முதல் உலகப் போரை எதிர்த்ததற்காகச் சிறையிலிருந்த சோசலிசத் தலைவர் யூஜின் டெப்சை விடுவித்தவர். பியர்சுக்கும் ஜான்சனுக்கும் பக்கத்தில் இவரை வைப்பது மிகை.

அண்மைக் கால அதிபர்கள்

வாழும் நினைவில் உள்ள அதிபர்களைப் பற்றிய தீர்ப்பு நிலையற்றது. ஹாரி ட்ரூமனுக்கு 1952-இல் மக்கள் ஆதரவு 22 விழுக்காடாக விழுந்தது; இன்று அவர் முதல் பத்துக்குள் இருக்கிறார். குவினிபியாக் பல்கலைக்கழகம் 2014-இல் பொதுமக்களிடம் கேட்டபோது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மோசமான அதிபர் என்று ஒபாமாவை 33 விழுக்காட்டினரும் இளைய புஷ்ஷை 28 விழுக்காட்டினரும் சொன்னார்கள். அன்று பதவியில் இருந்தவரும் அவருக்கு முன்னவருமே முதல் இரண்டு இடங்களில் வந்தனர்.

டிரம்ப் இருமுறை பதவிநீக்கத் தீர்மானத்துக்கு உள்ளாகி, இருமுறையும் செனட்டில் விடுவிக்கப்பட்டவர். 2021 ஜனவரி 6 அன்று அவருடைய ஆதரவாளர்கள் நாடாளுமன்றத்தைத் தாக்கினர். அந்த ஆண்டு சி-ஸ்பேன் அவரை 44 பேரில் 41-ஆம் இடத்தில் வைத்தது. 2024-இல் அதிபர் ஆய்வாளர்களிடையே நடந்த மற்றொரு கணிப்பு புக்கானனுக்கும் கீழே கடைசியில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அவருடைய ஆட்சிக்காலம் முடியும்வரை எந்த இடமும் தற்காலிகமானதே.

எல்லைக்கு வெளியே நேர்ந்தவை

இந்தக் கணிப்புகளின் பெருங்குறை, உள்நாட்டுத் தீங்குக்குத் தரும் எடையை வெளிநாட்டில் நேர்ந்த தீங்குக்குத் தராதது. நிக்சனின் பெயர் வாட்டர்கேட் ஊழலாலும் அதனால் நேர்ந்த பதவி விலகலாலும் கெட்டது. 1971-இல் கிழக்கு வங்கத்தில் படுகொலை நடந்துகொண்டிருந்தபோது அவர் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் பக்கமே நின்றார். டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் அனுப்பிய எதிர்ப்புத் தந்தியைப் புறக்கணித்தார். டிசம்பரில் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். பதவி விலகலோடு ஒப்பிட்டால் இந்த அத்தியாயத்துக்கு வரிசைகளில் மிகச் சிறிய இடமே உண்டு. 1899-இல் பிலிப்பைன்ஸ் மக்களின் விடுதலைப் போரை ஒடுக்கத் தொடங்கிய வில்லியம் மெக்கின்லி, சி-ஸ்பேனின் 2021 வரிசையில் 14-ஆம் இடத்தில் இருக்கிறார். எல்லைக்குள் நேர்ந்த தீங்குக்கும் சில வேளை எடை குறைவே: செரோக்கி முதலிய பழங்குடியினரை மண்ணைவிட்டு விரட்டிய 1830-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கர்த்தா ஆண்ட்ரூ ஜாக்சன், 2000-இல் 13-ஆம் இடத்தில் இருந்து 2021-இல் 22-க்கு இறங்கினார். இன்னும் பட்டியலின் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்.