விமானத்தின் நிலைப்பும் பறப்புக் கட்டுப்பாடும்

காற்றின் உலுக்கலில் நிலை குலைந்த விமானம் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும் இயல்பு நிலைப்பு எனப்படும். விமானி வேண்டும்போது அந்த நிலையை மாற்றிக்கொள்ள உதவும் ஏற்பாடு கட்டுப்பாடு. இவை ஒன்றையொன்று எதிர்த்து நிற்பவை. நிலைப்பு மிகுந்த விமானம் விமானியின் கைக்கும் எளிதில் வளையாது. நிலைப்பு குறைந்தது சட்டெனத் திரும்பும். ஆனால் ஒரு நொடியும் கவனம் பிசக விடாது. எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று தலைமுறை தலைமுறையாகத் தேடியதே இத்துறையின் வரலாறு.

விமானம் மூன்று வகையாக அசைகிறது. மூக்கு ஏறி இறங்குவதை வாலிலுள்ள எலிவேட்டரும், உடல் பக்கவாட்டில் உருள்வதை இறக்கை நுனிகளிலுள்ள ஏலரான்களும், மூக்கு இடம் வலமாகத் திரும்புவதைச் செங்குத்து வாலில் பொருத்திய சுக்கானும் ஆள்கின்றன. இவற்றுக்கெல்லாம் அடிப்படை எடை மையம். நாகர்கோவில் கோட்டாறு சந்தைக்குச் சைக்கிளின் பின்னால் வாழைக்குலை கட்டி வருகிறவருக்கு இது கையிலேயே தெரியும்: பாரம் பின்னுக்குப் போகப் போக முன்சக்கரம் இலேசாகி, ஹேண்டில்பார் சின்ன அசைவுக்கும் துள்ளும். விமானத்திலும் எடை மையம் பின்னால் நகர நகர எலிவேட்டரின் சிறு அசைவுக்கே மூக்கு எகிறும். ஓர் எல்லை தாண்டினால், விலகிய மூக்கு திரும்பி வராமல் மேலும் விலகிக்கொண்டே போகும். பயணிகளும் சரக்கும் எங்கெங்கே இருக்கின்றன என்று புறப்படுமுன் கணக்குப் பார்ப்பது இதற்காகத்தான்.

இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி, 1804இல் வால் பொருத்திய, கிளைடர் எனப்படும் சிறு மிதவை விமானத்தைச் செய்து பறக்கவிட்டார். பிரான்சின் அல்ஃபோன்ஸ் பெனோ 1871இல் பாரிஸில் ரப்பர் முறுக்கால் இயங்கும் மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டார். ஆள் தொடாமலேயே அது 11 விநாடி நிலையாகப் பறந்தது. வாலை இறக்கையைவிடச் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் வைத்ததே அவர் செய்த நுட்பம். ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் உடலை அங்குமிங்கும் சாய்த்தே தம் மிதவை விமானங்களைச் செலுத்தினார். அந்த முறை போதாமல் போய் 1896இல் விழுந்து இறந்தார்.

ரைட் சகோதரர்கள் அதற்குப் பின் எடுத்த முடிவைத்தான் இந்த வரலாற்றின் மிகத் துணிச்சலான திருப்பமாகக் கொள்ள வேண்டும். சைக்கிள் கடை நடத்திய அவர்கள், ஓட்டுகிறவர் இடைவிடாமல் சமன்செய்வதால்தான் சைக்கிள் நிற்கிறது என்பதை அறிந்தவர்கள். ஆகவே நிலைப்பைப் பின்னுக்குத் தள்ளி, இறக்கையை முறுக்கித் திருப்பும் கட்டுப்பாட்டை முதன்மையாக்கினார்கள். 1903 டிசம்பர் 17இல் பறந்த அவர்களின் விமானம் மூக்கின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தவரை நிலைப்பற்றது. முதல் பறப்பு 12 விநாடிதான் நீடித்தது. என்றாலும் முதன்முறையாக மனிதன் விமானத்தை உண்மையில் ஓட்டினான். விமான நிலைப்புக்கான முழுமையான கணிதத்தை ஜி. எச். பிரையன் 1911இல் நூலாக எழுதினார். இன்றைய பொறியாளர்களும் அடிப்படையில் அவருடைய சமன்பாடுகளையே கையாளுகிறார்கள்.

அதன்பின் பல பத்தாண்டுகள் நிலைப்பான விமானங்களே கோலோச்சின. கணினி அந்த நிலையை மாற்றியது. 1972இல் நாசாவின் எஃப்-8 விமானம் கம்பிகளும் கப்பிகளும் இல்லாமல் டிஜிட்டல் கணினி வழியே பறந்தது. நொடிக்குப் பலமுறை திருத்தம் செய்யும் கணினி கிடைத்தபின், வேகமாகத் திரும்புவதற்காக விமானத்தை வேண்டுமென்றே நிலைப்பில்லாமல் வடிவமைக்கலாம் என்ற துணிவு வந்தது.

இந்தியாவின் தேஜஸ் அப்படிப்பட்டதே. அதற்குக் கிடைவால் கிடையாது. முக்கோண இறக்கையின் பின்விளிம்பிலுள்ள எலிவான்களே எலிவேட்டர், ஏலரான் இரண்டின் வேலையையும் பார்க்கின்றன. ஒன்று பழுதானாலும் விமானம் கைவிட்டுப் போகாதிருக்கக் கட்டுப்பாட்டு வழிகள் நான்காக அமைக்கப்பட்டன. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்து, கட்டுப்பாட்டு அமைப்பில் அது தந்த ஒத்துழைப்பு நின்றபோது, நம் பொறியாளர்களே பணியை முடித்தார்கள். 2001 ஜனவரி 4இல் ராஜீவ் கோத்தியால் பெங்களூருவில் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். கோவையை அடுத்த சூலூர் அதன் படைத்தளங்களில் ஒன்று.

இந்த வரலாற்றில் நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டின் பங்கு விண்வெளியில் இருக்கிறது. நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் பிறந்து, தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதமும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியலும் படித்த கே. சிவன் 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். ஏவூர்தியின் பாதையைக் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் ‘சிதாரா’ மென்பொருளின் தலைமைச் சிற்பி அவர். ஏவும் நாளின் மேற்காற்றை அளந்து, அதற்கேற்பப் பாதையைத் திருத்தும் உத்தியும் அவருடையது. காற்று பக்கவாட்டில் மோதினால் ஏவூர்தியின் உடல் வளைந்து முறியும் அளவுக்கு விசை ஏறும். பாதையைக் காற்றுக்கு இணங்க வைத்தால் அந்த விசை குறையும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக்காற்றை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அவர் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்தபோதுதான், 2016 மே 23இல், இறக்கையுள்ள மறுபயன்பாட்டு ஊர்தியின் மாதிரி 65 கிலோமீட்டர் உயரம் சென்று, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் திரும்பி வங்கக் கடலில் இறங்கியது. ‘புஷ்பக்’ எனப் பெயரிட்ட அடுத்த மாதிரியை 2024 ஜூன் 23இல் சித்திரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவித்தார்கள். ஓடுபாதைக்கு 500 மீட்டர் விலகி விடப்பட்ட அது, முந்தைய தரையிறக்கச் சோதனையைவிடக் கடுமையான காற்றில், ஆளில்லாமலேயே பாதையின் நடுக்கோட்டுக்கு வந்தது. மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரை தொட்டு, பாராசூட்டால் அந்த வேகம் 100க்குக் குறைந்தபின், சுக்கானும் மூக்குச் சக்கரமும் கொண்டு நேர்கோட்டில் ஓடி நின்றது.