கைத்தொழில் காத்த கனவு

புதுவை மண்ணில் சொல்லும் சித்திரமும் அருகருகே வாழ்ந்தவை. பாரதியார் 1908-இல் இங்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே 'இந்தியா' வார இதழும் சென்னையிலிருந்து இங்கு இடம்பெயர்ந்து, 1910 வரை வெளிவந்தது. அவ்விதழில் கட்டுரைகளுக்கு நிகரான வலிமை கேலிச்சித்திரங்களுக்கும் இருந்தது. ஆட்சியாளரை விலங்காகவும் அரக்கராகவும் காட்டிய அச்சித்திரங்களில் குறும்பு உண்டு; ஆயினும் அக்குறும்பு நாட்டு விடுதலை என்னும் ஒரு பணிக்கு ஆட்பட்ட குறும்பு.

எப்பணிக்கும் ஆட்படாத குறும்பும் ஓவியத்தில் உண்டு. மீனுக்குச் சிறகு முளைக்கும். அரண்மனை மேகத்தில் மிதக்கும். பூனை குடை பிடித்து நடக்கும். இவற்றால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால் விடை சொல்வது அரிது. கோயிலோ அரசோ கட்சியோ இத்தகைய ஓவியத்துக்குப் பொருள் கொடுத்துப் புரந்ததில்லை. அவ்வாறாயின், தன் கனவுக்கு மட்டுமே கட்டுப்பட்ட ஓவியர் எவ்வாறு பிழைப்பது? கவிஞர்களாகிய நமக்கும் உரிய இவ்வினாவுக்குத் தமிழகத்து ஓவிய வரலாறு ஒரு விடையை வைத்திருக்கிறது.

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், சென்னையின் தென்னெல்லையில் ஈஞ்சம்பாக்கம் வரும். அங்கே 1966-இல் தோன்றியது சோழமண்டல ஓவியர் கிராமம். அதன் வேர் சென்னைக் கலைக் கல்லூரியில் இருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தொடங்கிய அக்கல்விக்கூடம், கைத்தொழில் பயிற்சிக்கே முதலிடம் தந்தது. பிற்காலத்தில் தேவி பிரசாத் ராய் சௌதுரி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றுச் சிற்பத்தையும் ஓவியத்தையும் வளர்த்தார். அவருக்குப் பின் 1957-இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார்.

பணிக்கரின் கவலை பாடத்திட்டத்தோடு முடியவில்லை. திறமிக்க மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறியதும் என்ன ஆகிறார்கள் என்பதே அவர் மனத்தை உறுத்தியது. அந்நாளில் சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். விளம்பர நிறுவனமோ, ஆசிரியப் பணியோ, துணி வடிவமைப்போ கிடைத்தவர்கள் நற்பேறு பெற்றவர்கள். நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றிக்கொண்டே தம் கோட்டோவியங்களை வளர்த்தெடுத்த கே.எம். ஆதிமூலம் அத்தகையவர், பிற்காலத்தில் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்குத் தம் கோடுகளால் முகம் கொடுத்தவரும் அவரே. வேலை கிடைக்காத பலருக்குத் தூரிகையைக் கீழே வைப்பதன்றி வேறு வழியில்லை.

பணிக்கரும் அவரைச் சூழ்ந்த இளைஞர்களும் கண்ட வழி எளியது. 1960-களின் முற்பகுதியில் அவர்கள் ஒரு கைவினைச் சங்கமாக ஒன்றுகூடினார்கள். துணியில் உருகிய மெழுகால் வரைந்து, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கி வடிவம் காணும் பாட்டிக் வேலை அவர்களுக்குக் கைகொடுத்தது. மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு விண்டு போன இடத்தில் மட்டும் மெல்லிய நரம்புகளாக ஊடுருவும். இவ்வாறு செய்த துணிகள் விற்றன. அவ்வருவாயின் துணையால் கடலோரத்து மணற்பரப்பில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள், குடில்கள் அமைத்தார்கள். தொடக்கக் காலத்தில் மின்விளக்கும் நல்ல சாலையும் இல்லாத இடம் அது. ஒரு பொழுது கைவினை, ஒரு பொழுது ஓவியம் என்று நாளைப் பகுத்துக்கொண்டு அவர்கள் வாழ்ந்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. விற்பதற்கு ஒன்று இருந்ததால், மற்றொன்றை விற்பனைக்காக வளைக்க வேண்டிய தேவை எழவில்லை. வாங்குபவருக்குப் பிடிக்குமா என்னும் கேள்வியைப் பாட்டிக் துணி தாங்கிக்கொண்டது. ஓவியத் திரை அக்கேள்வியிலிருந்து விடுபட்டது. கைத்தொழிலைக் கலைக்குக் கீழானது என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். இங்குக் கைத்தொழில் கலையின் வேலியாக நின்றது.

அவ்வேலிக்குள் மலர்ந்த கனவுகளுள் தனித்தது கே. ராமானுஜத்தினுடையது. 1940-ஐ ஒட்டிப் பிறந்த அவருக்குப் பேச்சு எளிதில் வந்ததில்லை. மனநோயாலும் அவர் துன்புற்றார். பிறர் விலக்கிய அவ்விளைஞரிடம் பெருந்திறன் இருப்பதைப் பணிக்கர் கண்டுகொண்டார். ராமானுஜத்தின் மைக்கோடுகள் தாளில் இடைவெளி விடாமல் பின்னிப் படர்பவை. தேரில் செதுக்கிய உருவங்களைப் போல யாளிகளும் பாம்புகளும் சிறகுடைய உயிர்களும் நெருங்கி நிற்கும். மாடங்களும் தோரணங்களும் அடுக்கடுக்காக எழும். அழகிய பெண்கள் வரவேற்பார்கள். அவ்வுலகத்தின் நடுவே தொப்பி அணிந்த ஒருவர் உலா வருவார். அவர் ராமானுஜமே. வெளியுலகில் ஓரத்தில் நின்றவர், தம் தாளில் அரசராக வலம் வந்தார். சென்னைக் கன்னிமரா விடுதிக்கு அவர் வரைந்த பெரிய ஓவியங்களும் இக்கனவின் விரிவே.

ஓவியர்கள் இன்று தம் படைப்பின் அருகே, அது எதனால் பிறந்தது என்று சிறு குறிப்பு எழுதி வைக்கிறார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதன்று. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் எனக் குறிப்பு உண்டு. அது வாயிலைத் திறந்து காட்டும். உள்ளே நடப்பது படிப்பவர் பொறுப்பு. ராமானுஜம் அவ்வாறு உரைநடையில் விளக்கம் சொல்லும் இயல்பினர் அல்லர். அந்தத் தொப்பிக்காரரே அவர் எழுதிய அடிக்குறிப்பு என்று கொள்ளலாம்.

1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, ராமானுஜம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சோழமண்டலத்தைப் போற்றும்போது இதனை மறைத்தல் தகாது. கூடி உழைத்தவர்கள் ஒருவருக்குக் கூரையும் உணவும் மதிப்பும் தர முடிந்தது. உள்ளத்தின் நோயை அவர்களால் தீர்க்க இயலவில்லை. ஆனால் அந்தக் கூரை இல்லாதிருந்தால் அந்த ஓவியங்களும் நமக்குக் கிடைத்திரா. ஒரு கூட்டமைப்பால் இயல்வதும் இயலாததும் இவ்விரு செய்திகளிலும் அடங்கியுள்ளன.

பணிக்கர் 1977-இல் மறைந்த பின்னும் கிராமம் நிலைத்தது. அவ்வியக்கத்தின் படைப்புகளுக்கென 2009-இல் அங்கே காட்சியகமும் திறக்கப்பட்டது.

இன்று புதுவையில், வேலை முடித்து வீடு திரும்பி இரவில் தூரிகை எடுப்போருக்கு அக்ரிலிக் வண்ணம் துணையாக இருக்கிறது. 1950-களில் அமெரிக்காவில் நீரில் கரையும் வகையாக விற்பனைக்கு வந்த வண்ணம் இது. எண்ணெய் வண்ணம் உலரப் பல நாள் ஆகும்; அக்ரிலிக் சில நிமிடங்களில் உலரும். தூரிகையைத் தண்ணீரில் கழுவிவிடலாம், தனிக்கூடம் தேவையில்லை. காலையில் அலுவலகம், இரவில் சிறகுள்ள மீன் என்னும் வாழ்க்கைக்கு இவ்வண்ணம் இடம் தருகிறது. அந்நாளில் பாட்டிக் துணி செய்த காவலை இந்நாளில் மாதச் சம்பளம் செய்கிறது.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்திலும் எழுத்தை மட்டுமே நம்பி வாழ்வோர் அரியர். வகுப்பறையும் அலுவலகமும் கடையும் நமக்குச் சோறிடுகின்றன. அதை எண்ணிக் கூசவேண்டியதில்லை. சோறிடும் தொழிலை நேர்மையாகச் செய்து, அதன் நிழலில் கவிதையை எவருக்கும் விலைபேசாமல் காப்பதே சோழமண்டலம் காட்டிய வழி. நம்மிடையே பேச்சு எளிதில் வாராத ஓர் இளங்கவிஞர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கலாம். அவரை இனங்கண்டு அருகில் அழைத்து அமர்த்துவது, அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் ஏற்கவேண்டிய முதற்பணி.